சக்கர நாற்காலியில் அம்மா, பார்வை மங்கிய அப்பா: கலை மையத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. இடது கை, கால் பலம் குறைவு. வெளியே போனால் சக்கர நாற்காலிதான். அப்பாவுக்கு விழித்திரைக் கோளாறில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரப்பார்வை இருக்கிறது, எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. பக்கத்து நகரத்தில் ஓவியக்கூடமும் சிறிய அரங்கமும் சேர்ந்த வட்டாரக் கலை மையம் ஒன்று இருக்கிறது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லா வசதியும் உண்டு’ என்று அறிவித்திருக்கிறார்கள். நம்பிப் போகலாமா? அப்பாவோ, “படம் பார்க்கிற இடத்தில் எனக்கென்ன வேலை, நீங்கள் போய்விட்டு வாருங்கள்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

போகலாம். இரண்டு பேரையுமே கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் ‘எல்லா வசதியும் உண்டு’ என்ற அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அதை எழுதியவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. ஒரு கலை மையத்தின் பார்வையாளர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த வரியை எழுதும்போது எழுதுகிறவர் மனதில் பெரும்பாலும் வாசலும் கழிப்பறையும்தான் இருக்கும். வாசலைத் தாண்டினால் பாதி வேலைதான் முடிந்தது. அம்மா உட்கார்ந்தபடியே ஒரு ஓவியத்தைக் கண்ணாரப் பார்த்தாரா, அப்பாவுக்கு வீட்டுக்கு வந்து பேசுவதற்கு ஏதாவது கிடைத்ததா என்பதை வைத்துத்தான் அந்த மையத்தை எடைபோட வேண்டும்.

முதலில் ஃபோன் செய்யுங்கள். வட்டாரக் கலை மையங்களில் ஆட்கள் குறைவு, அது உங்களுக்கு நல்லது. பெரிய அருங்காட்சியகத்தில் ஃபோன் எடுப்பவர் கட்டடத்தின் பாதியைப் பார்த்தே இருக்க மாட்டார். இங்கே ஃபோன் எடுப்பவர்தான் காலையில் கதவைத் திறந்தவராக இருப்பார், லிஃப்ட் சாவியும் அவர் மேசையில்தான் கிடக்கும். அவரிடம் ‘வசதி இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “கார் நிறுத்துகிற இடத்திலிருந்து ஓவியக்கூடம் வரை நீங்களே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் என்னென்ன வரும் என்று வரிசையாகச் சொல்கிறீர்களா?” இந்த ஒரு கேள்விக்கு நான் பார்த்தவரை யாரும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னதில்லை. ஜல்லி பரப்பிய முற்றம், தானாகச் சாத்திக்கொள்ளும் கனமான கதவு, இரண்டு கூடங்களுக்கு நடுவே ஒரே ஒரு படி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் அவருக்கே சில விஷயங்கள் உறைக்கும்.

அவர் சொல்வதை அளந்து பார்க்கச் சில எண்கள் கைவசம் இருக்கட்டும். சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட அளவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது இரண்டு பேருக்குமே ஆபத்து. கதவு திறந்த நிலையில் 80 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும், 90 என்றால் நிம்மதி. நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டம் தேவை. சின்ன லிஃப்டில் இது கிடைக்காது. உள்ளே நேராகப் போய்ப் பின்பக்கமாக வெளியே வர வேண்டியிருக்கும். அது பரவாயில்லை, முன்கூட்டித் தெரிந்தால் அம்மா பதற மாட்டார். பழைய மண்டபத்தையோ ஆலையையோ மாற்றிக் கட்டிய மையமாக இருந்தால் சக்கர நாற்காலி போகும் வாசல் பின்பக்கத்தில் இருக்கலாம். அதை அன்று யார் திறப்பார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் போன இடத்தில் நாள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஒருமுறை என் அத்தையை ஒரு கலை மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கதவில் பளிச்சென்று சக்கர நாற்காலிப் படம். திறந்தால், சுவரோரம் மடக்கு நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், கைப்பிடிக் கம்பியில் ஈரத் துடைப்பம் காய்கிறது. ஊழியர்கள் ஓடிவந்து எடுத்துப் போட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் அதுவரை அத்தை நடைவழியின் நடுவில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கக் காத்திருந்தார். அதற்கப்புறம் அன்றைக்கு எந்தப் படத்திலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. அதனால் ஃபோனில் பேசும்போது, “அந்தக் கழிப்பறை இப்போது காலியாக இருக்கிறதா, ஒரு நிமிடம் பார்த்துச் சொல்ல முடியுமா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்றும் முக்கியம். அவருக்கு வலது கைதான் பலம். எனவே கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்த பிறகு வலது கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கிறதா, நாற்காலியை எந்தப் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அநேகமாக இதை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். உள்ளே கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கினால் அது உதவிக்கு அழைக்கும் கயிறு. தரையைத் தொடும் அளவுக்குத் தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவருக்கும் எட்ட வேண்டும் அல்லவா? தரையைக் கூட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை மேலே சுருட்டிக் கட்டிவிடுவார்கள். பார்த்தால் அவிழ்த்து விட்டுவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கும் உதவும்.

ஓவியக்கூடம் மாடியில் என்றால், தீ விபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது. அம்மாவை எப்படிக் கீழே கொண்டுவருவார்கள் என்று கேட்பது உங்கள் கடமை. நல்ல மையம் என்றால் புகை புகாத காத்திருப்பு இடம் எது, படியில் இறக்கும் நாற்காலி எங்கே இருக்கிறது, யார் வருவார் என்று தயங்காமல் சொல்வார்கள்.

இவ்வளவு கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று யோசிக்காதீர்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்வில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. அரங்கம், அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. நீங்கள் சலுகை கேட்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன்: முன்கூட்டிக் கேட்டுவிட்டு வருகிறவர்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அன்று எல்லாவற்றையும் சரியாக எடுத்து வைத்திருப்போம்.

சரி, அம்மா கூடத்துக்குள் வந்துவிட்டார். இனி அவர் படம் பார்க்க வேண்டும்.

1916-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ஒரு காரியம் செய்தார். காட்சிப் பெட்டிகளில் உள்ளதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய, வளைய, எக்க வேண்டியிருக்கிறது என்று வரிசையாகப் படம் எடுத்து, ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்ற பெயரில் வெளியிட்டார். படத்தில் இருந்தவர் நல்ல கால்களோடு நடமாடியவர். அவருக்கே அந்தப் பாடு. குனியவோ எக்கவோ முடியாமல் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

பொதுவாகக் கூடங்களில் ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி மாட்டுவார்கள், நிற்பவரின் கண்ணுக்குச் சரியாக இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் சுமார் 110 முதல் 130 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. பெரிய ஓவியத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. சின்ன ஓவியம், அதுவும் கண்ணாடி போட்டது என்றால், கூரை விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். படத்துக்குப் பதில் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும். நாற்காலியை இரண்டடி பின்னால் இழுத்து, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினால் அந்தத் திட்டு நகர்ந்துவிடும். நீங்கள் ஒருமுறை அம்மாவின் உயரத்துக்குக் குந்திப் பாருங்கள், என்ன சொல்கிறேன் என்று உடனே புரியும். காட்சிப் பெட்டிகளுக்கு, அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வழிகாட்டி ஏறத்தாழ ஒரு மீட்டரைத்தான் எல்லையாகச் சொல்கிறது. அதற்கு மேலே வைத்த சின்னப் பொருளின் அடிப்பக்கம்தான் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அப்படி ஏதாவது இருந்தால் ஊழியரிடம் அதன் படமோ கையேடோ கேளுங்கள். சுவரில் ஒட்டிய விளக்கக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வரவேற்பு மேசையிலேயே வைத்திருக்கும் மையங்கள் பல. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் கண் நன்றாக இருந்தாலும் இடப்பக்கம் இருப்பது கவனத்தில் விழாது. தட்டில் இடப்பக்கம் வைத்ததை அம்மா சாப்பிடாமல் விட்டுவிடுகிறாரா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால், ஓவியத்தின் நடுவுக்கு நேராக நிறுத்தாமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி நிறுத்துங்கள். படம் முழுவதும் அவருடைய வலப்பக்கம் வந்துவிடும்.

அப்புறம், தள்ளுகிற உங்களுக்கு. நாற்காலியைத் தள்ளுகிறவர் தனக்குப் பிடித்த படத்தின் முன்னால்தான் நிறுத்துவார். வேண்டுமென்று செய்வதில்லை, கால் அங்கே நிற்கிறது, நாற்காலியும் நிற்கிறது. உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் இருப்பவர் முடிவு செய்துவிடுகிறார். நான் பல வருடம் கவனித்ததில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வாருங்கள், எங்கும் நிற்காமல். பிறகு “எதுகிட்டே போகலாம்மா?” என்று கேளுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் பிரேக் போட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். பின்னால் ஆள் நின்றுகொண்டே இருந்தால் யாருக்கும் ‘சீக்கிரம் பார்த்து முடிக்கணும்’ என்றுதான் தோன்றும்.

நாற்காலியில் போய் நாலு பேர் முன்னால் நிற்க அம்மா தயங்கினால், மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றிச் சொல்லுங்கள். 1953-இல் மெக்சிகோ நகரத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தபோது அவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவருடைய கட்டிலை முன்கூட்டியே கூடத்தின் நடுவில் கொண்டுவந்து போட்டார்கள். அவர் ஆம்புலன்ஸில் வந்து, அந்தக் கட்டிலில் படுத்தபடியே வந்தவர்களை வரவேற்றார்.

இனி அப்பா. உங்கள் கேள்வியில் என் மனதைத் தொட்டது அவர் சொன்ன வார்த்தைதான். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: பெரும்பாலான கூடங்கள் அவரை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஆனால் அவருக்கு அங்கே வேலை இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் பிரச்சினை வெளிச்சம். நீர்வண்ணம், காகித ஓவியம், துணி இவற்றின் மீது விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது கூடங்களின் பொதுவான விதி. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். அலுவலக அறையில் 300 முதல் 500 வரை இருக்கும். ஒளி பட்டால் நிறம் வெளுத்துப்போகும், வெளுத்தது திரும்பி வராது, அதனால்தான் அந்த மங்கல். இன்னொரு பக்கம், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி இருபது வயதில் சேர்ந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெயிலிலிருந்து நேராக உள்ளே கூட்டிப்போனால் அப்பாவுக்கு இருட்டு மட்டும்தான் தெரியும். வரவேற்புப் பகுதியில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள், கண் பழகட்டும். எண்ணெய் ஓவியங்களும் சிற்பங்களும் உள்ள கூடத்தில் தொடங்குங்கள். காகித ஓவியங்களைக் கடைசிக்கு வையுங்கள்.

நடுப்பார்வை போனவர்கள் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் ஓரப்பார்வையில் உருவம் பிடிபடும். அப்பா இதை வீட்டில் தானாகவே செய்துகொண்டிருப்பார். கூடத்தில் செய்யும்போது படத்துக்கு மிக அருகே போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். காவலருக்கு அது வித்தியாசமாகத் தெரியும், எச்சரிக்கை மணிகூட அடிக்கலாம். அதனால் நுழையும்போதே காவலரிடம், “அப்பாவுக்கு ஓரப்பார்வை மட்டும்தான், பக்கத்தில் போய்ப் பார்ப்பார், நான் கூடவே இருப்பேன்” என்று சொல்லிவிடுங்கள். படம் எடுக்க அனுமதி இருந்தால், ஃபோனில் எடுத்துப் பெரிதாக்கி, திரை வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டலாம். சுவரில் இருப்பதைவிடத் திரையில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியக்கூடும். அதைக் காட்டிவிட்டு மறுபடி சுவருக்குத் திரும்புங்கள், மூல ஓவியத்தின் அளவும் மேடு பள்ளமும் ஃபோனில் கிடைக்காது.

இதற்கெல்லாம் மேலே, சொல்லிக் காட்டுவது. இது ஒரு கலை, பழகினால் வரும். முதலில் அளவைச் சொல்லுங்கள்: “நம் வீட்டுக் கதவளவு உயரம்”, “ஒரு புத்தகம் விரித்த அளவு”. பிறகு எதனால் செய்தது. பிறகு மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று ஒரே வாக்கியம். அதற்குப் பிறகுதான் விவரம், அதுவும் கடிகார முள் கணக்கில் சொன்னால் குழப்பம் வராது: “பத்து மணி இடத்தில் ஒரு ஜன்னல், ஆறு மணியில் கவிழ்த்த படகு”. நிறங்களை விடாதீர்கள், அப்பா நிறம் பார்த்து வாழ்ந்தவர், ‘பழுத்த இலை மஞ்சள்’ என்றால் அவருக்கு அப்படியே மனதில் வரும். ‘அழகாக இருக்கிறது’, ‘சோகமாக இருக்கிறது’ என்பதைக் கடைசி வரை சொல்லாதீர்கள். அதை அவர் சொல்லட்டும்.

பல வருடத்துக்கு முன்னால், பார்வையே இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நான் எங்கள் கூடத்தில் ஒரு ஓவியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண், வெளியே மாலை வெளிச்சம். அவர் குறுக்கிட்டுக் கேட்டார்: “கை எங்கே இருக்கிறது?” ஒரு கை ஜன்னல் சட்டத்தில் இருந்தது, சொன்னேன். “இன்னொரு கை?” எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரமாகத் தினம் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால், புடவை மடிப்புக்குள் பாதி மறைந்து, அந்தக் கை அந்த மடிப்பையே இறுக்கிப் பிடித்திருந்தது. சொன்னதும் அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு அதே மாதிரி நின்று பார்த்தார். ஒரு கையை உயர்த்தி, இன்னொரு கையைப் பின்னால் வளைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு, “இப்படி நின்றால் தோள் கடுக்கிறது. இவள் இப்போது வந்து நின்றவள் இல்லை, ரொம்ப நேரமாக நிற்கிறாள்” என்றார். அந்தப் படத்தைப் பற்றி அதுவரை எங்களில் யாரும் அதைச் சொன்னதில்லை. அன்று முதல் யாருக்கு விளக்கினாலும் அந்தக் கையிலிருந்துதான் நான் தொடங்கினேன். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தொட்டுப் பார்ப்பதையும் கேளுங்கள். இத்தாலியின் அங்கோனா நகரத்தில் ஓமேரோ அருங்காட்சியகம் என்று ஒன்று உண்டு. 1993-இல் தொடங்கியது, அதற்கு வித்திட்டவர்கள் பார்வையற்ற தம்பதி. போன இடமெல்லாம் ‘தொடாதே’ என்ற பலகையைச் சந்தித்துச் சலித்து, தொடுவதற்கென்றே ஒரு இடத்தை உருவாக்கினார்கள். புகழ்பெற்ற சிற்பங்களின் வார்ப்புப் பிரதிகளும் கட்டடங்களின் மாதிரிகளும் அங்கே கைக்கு எட்டும்படி நிற்கின்றன. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களைப் புடைப்பாக, விரல் ஓட்டிப் பார்க்கும்படி செய்து வைத்தது. உங்கள் வட்டார மையத்தில் அந்த அளவுக்கு இருக்காது. ஆனால் பெரிய இடங்களில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: படைத்தவர் உயிரோடு, பெரும்பாலும் அதே வட்டாரத்தில் இருப்பார். ‘சிற்பத்தைத் தொட அப்பாவுக்கு மட்டும் அனுமதி தருவாரா’ என்று மையம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் கேட்டுக்கொடுத்த சிற்பிகளில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. விரலின் வியர்வையும் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும் என்பதால் மெல்லிய கையுறை தரலாம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றச் சொல்வார்கள். ஒரு விரலால் தடவாமல், இரண்டு உள்ளங்கைகளாலும் முதலில் மொத்த வடிவத்தைப் பிடித்து, பிறகு விவரத்துக்கு வரச் சொல்லுங்கள். பட்டறைகள் இருக்கும் மையம் என்றால் இன்னும் நல்லது. தறி, களிமண், செதுக்கிய அச்சுக்கட்டை எல்லாம் கையால் அறிய வேண்டியவைதான். அச்சுக்கட்டையைத் தடவிவிட்டு அதில் எடுத்த அச்சைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் படம் தானாகக் கூடிவரும்.

‘எனக்கென்ன வேலை’ என்று அவர் மறுபடி சொன்னால் பினோத் பிகாரி முகர்ஜியை நினைவுபடுத்துங்கள். சாந்திநிகேதனின் பெரிய ஓவியர். 1950-களின் நடுவில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுக்கப் போனது. அதற்கப்புறமும் காகிதத்தை வெட்டி ஒட்டி ஓவியம் செய்தார், கற்றுக்கொடுத்தார். பார்க்காமலே ஒருவர் ஓவியம் செய்ய முடிந்தது என்றால், ஓவியத்தின் முன்னால் நிற்க அப்பாவுக்கு ஏன் தயக்கம்?

நடத்திக் கூட்டிப்போகும்போது அப்பாவை முன்னால் தள்ளாதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். நீங்கள் ஒருவரே இரண்டு பேரையும் பார்த்துக்கொள்வது கஷ்டம். நாற்காலிக்கு ஒருவர், அப்பாவுக்கு ஒருவர் வேண்டும். உடன் வரும் உதவியாளருக்கு டிக்கெட் வாங்காமல் விடும் மையங்கள் உண்டு, ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். ஆள் இல்லையென்றால் தன்னார்வலர் ஒருவரை அந்த ஒரு மணி நேரத்துக்குத் தர முடியுமா என்றும் கேளுங்கள்.

அரங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. சக்கர நாற்காலிக்கான இடம் எந்த வரிசையில், பக்கத்திலேயே உங்களுக்கு இருக்கை உண்டா, முன்வரிசைக்காரர்கள் எழுந்தால் அம்மாவுக்கு மேடை தெரியுமா என்று பாருங்கள். அப்பாவுக்கு, நடிகர்கள் பேசாத இடைவெளியில் மேடையில் நடப்பதைக் காதுக்குள் சொல்லும் ஒலி விவரிப்பு உண்டா என்று கேளுங்கள். 1981-இல் வாஷிங்டன் அரீனா ஸ்டேஜ் அரங்கில் பின்னாளில் தம்பதியான இருவரின் முயற்சியில் இது முறையான சேவையாகத் தொடங்கியது. அவர்களில் மார்கரெட் ஃபான்ஸ்டீல் பார்வை இழந்தவர். கருவி இல்லாத சின்ன அரங்கத்திலும் ஒன்று செய்யலாம்: நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மேடைக்குக் கூட்டிப்போய் உடை, அரங்கப் பொருள்களைத் தொட்டுப் பார்க்க விடுவது. பல குழுக்கள் சந்தோஷமாகச் செய்கிறார்கள். காது மெஷின் போட்டவர்கள் உங்களுடன் வந்தால், காதுப் படத்தோடு ‘டி’ எழுத்துப் போட்ட பலகையைத் தேடுங்கள். அங்கே தரையிலோ சுவரிலோ ஒரு கம்பிச் சுற்று பதித்திருப்பார்கள். மெஷினை ‘டி’ நிலைக்கு மாற்றினால் மேடையின் ஒலி கூட்டத்தின் சலசலப்பு இல்லாமல் நேராகக் காதுக்கு வரும். அது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்பது நல்லது, பல நேரம் மறந்திருப்பார்கள்.

நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், பார்வையாளர்கள் ஒரு ஓவியத்தின் முன்னால் செலவழித்த நேரம் சராசரியாக 27 விநாடிதான். அப்படிப் பார்த்தால் ஐம்பது படத்தை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். அம்மா கை காட்டிய மூன்று, அப்பாவுக்குச் சொல்லிக் காட்ட இரண்டு, தொட ஒன்று, அவ்வளவுதான். ஒன்றேகால் மணி நேரம் போதும். வார நாளில் காலை திறந்த உடனே போனால் கூட்டம் இருக்காது, ஊழியருக்கும் உங்களுடன் நிற்க நேரம் இருக்கும். பள்ளிக் குழந்தைகள் வரும் நாளா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடத்தில் பெஞ்சு இல்லையென்றால் மடக்கு முக்காலி கேளுங்கள், அப்பா நின்றுகொண்டே கேட்க வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களுக்குக் களைப்பு திடீரென்று வரும். அம்மா “போதும்” என்றால் பாதியில் கிளம்பிவிடுங்கள். மிச்சம் இருப்பது இன்னொரு முறை போவதற்குக் காரணமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மையத்துக்கு ஒரு ஃபோன் செய்து, நன்றாக இருந்ததையும் சரியில்லாததையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள். ‘வசதி போதவில்லை’ என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘இரண்டாவது கூடத்தில் மூன்றாவது படத்தின் மேல் இருக்கும் விளக்கு உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அடிக்கிறது’ என்றால், ஏணி போட்டு அன்று மாலையே திருப்பிவிடுவார்கள், நானே திருப்பியிருக்கிறேன். அதே ஃபோனில் அடுத்த கண்காட்சி எப்போது தொடங்குகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் படங்களை இறக்கி ஏற்றும் நாட்களில் கூடம் மூடியிருக்கும், லிஃப்டிலும் மரப்பெட்டிகள்தான் போய்வரும். அவர்கள் சொல்லும் முதல் நாள் கூட்டமாக இருக்கும், விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு காலை நேரத்தைக் கேட்டு, இரண்டு பேர் பெயரையும் சொல்லி வையுங்கள்.